டின்னில் மிச்சமிருந்த கார்டு

இந்தப் பையைக் கொஞ்சம் அந்தாண்ட நகத்திக்கட்டுமா டீச்சர்? உள்ள ஆரஞ்சு இருக்கு, நசுங்கிடும். டீச்சர்தானே நீங்க? மடியில பரீட்சைப் பேப்பர் கட்டு வெச்சிருக்கீங்க, அதான் கேட்டேன். தினமும் போளூர்லருந்து மலைக்கு ஏறி எறங்கறீங்களா? கஷ்டந்தான். எனக்கு இந்த நாலாவது வளைவுலயே வயித்தைப் புரட்டுது. பேசிட்டே வந்தா தெரியாதுன்னு சொல்வாங்க. அதான் பேசறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

பலாமரத்துக்கொல்லைன்னு ஒரு ஊரு இருக்காமே, தெரியுமா? உங்க ஸ்கூலுக்கு முந்தின ஸ்டாப்பா? அப்பாடா. வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க.

அங்க தீர்த்தம்மான்னு ஒரு பொண்ணு இருக்கா. தீர்த்தான்னுதான் நாங்க கூப்பிடுவோம். எங்க கம்பெனியில மூணு வருஷம் வேலை செஞ்சா. அவளோட ஆதார் கார்டு எங்கிட்ட மாட்டிக்கிச்சு. அதைக் குடுக்கத்தான் போறேன். குடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. குடுத்துட்டு அவகிட்ட இன்னொண்ணு சொல்லணுமா வேணாமாங்கறதுதான், ராணிப்பேட்டையில பஸ் ஏறினதுலருந்து மண்டையைக் குடையுது. அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஏழு மாசமா எனக்கு மட்டும்தான் தெரியும். வாட்ச்மேனுக்குப் பாதி தெரியும். அவரு வாயைத் தொறக்க மாட்டாரு.

உங்ககிட்ட சொல்லலாமா? நீங்க யாரோ, நான் யாரோ. அதனாலதான் சொல்ல முடியுது.

எங்களுது குப்பைக் கம்பெனி டீச்சர். நீங்க மூக்கைச் சுளிக்கல, நல்லவங்க. டவுன் குப்பையில மக்காத குப்பை மட்டும் லாரியில எங்க ஷெட்டுக்கு வரும். பெல்ட்டு ஓடும். ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நின்னு பிரிப்பாங்க. பால் கவர் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம், தண்ணி பாட்டில் ஒரு பக்கம். பாட்டிலைக் கழுவி நொறுக்கித் துகளாக்கி மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பறோம். அங்க அதுல சட்டை கூட நெய்யறாங்களாம். நீங்க குடிச்சுப் போட்ட பாட்டிலை எவனோ ஒருத்தன் சட்டையா மாட்டிட்டுத் திரியறான், பாருங்க.

நான் அங்க நல அலுவலர். என் ரூம் கதவுலயே எழுதியிருக்கும், த. மங்கையர்க்கரசி, நல அலுவலர்னு. அதுக்கு முந்தி ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டனா இருந்தேன். பொண்ணுங்களைப் பாத்துக்கறது எனக்குக் கை வந்த வேலை. நாப்பத்தோரு பொண்ணுங்க. எல்லாம் இந்த ஜவ்வாது மலை, அந்தப் பக்கம் கல்வராயன் மலை. ஷெட்டுக்குப் பின்னாடியே தகர ரூம்ல தங்கல், சாப்பாடு எல்லாம். அத்தனை பேரும் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நான் ஒண்ணும் கூப்பிடச் சொல்லல. மொதல்ல வந்த ரெண்டு பேருகிட்ட மட்டும், ‘மேடம் கீடம்லாம் வேணாம்மா, பெரியம்மான்னு கூப்பிடுங்க’ன்னு சொன்னேன். மத்தவங்களுக்கு அதுவே பழகிடுச்சு.

கார்டு எப்படி எங்கிட்ட வந்துச்சுன்னு கேப்பீங்க. நல்லதுக்குத்தான் வந்துச்சு. ஆரம்பத்துல ஒரு பொண்ணு கார்டை ஜாக்கெட்டுக்குள்ள சொருகி வெச்சிருந்து, அது பெல்ட்டுல விழுந்து, பால் கவரோட சேந்து மூட்டைக்குள்ள போயிடுச்சு. ரெண்டு நாள் மூட்டை மூட்டையா அவுத்துத் தேடினோம், கெடைக்கல. பாவம், அழுதா. அன்னிக்குத்தான் சொன்னேன், ‘எல்லாரும் கார்டை எங்கிட்ட குடுங்க, பத்திரமா வெக்கறேன்’னு. ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்துச்சு என் வீட்டுல. அதைக் கழுவிக் காய வெச்சு, கார்டுங்களை ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி, என் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். எவ்வளவு பத்திரம் பாருங்க.

அப்புறம் மேனேஜர் சார் சொன்னாரு, ஊருக்குப் போறவங்க கார்டை வாங்கிட்டுப் போகட்டும், கேட்ல வாட்ச்மேன் கார்டைப் பாத்துட்டு விடட்டும்னு. யாரு உள்ள இருக்கா, யாரு வெளிய போனான்னு கணக்கு தெரியும்ல? அதுவும் நல்லதுதானே. வயசுப் பொண்ணுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அப்படித்தான் அது வந்துச்சு. கார்டு வேணும்னா எங்கிட்ட வரணும். கார்டு இல்லன்னா கேட்டு தொறக்காது. மூணு வருஷத்துல ஒரு பொண்ணு கூடச் சொல்லாம கொள்ளாம போனதில்ல டீச்சர். மத்த கம்பெனியிலல்லாம் பாதிப் பேரு பொங்கலுக்குப் போனா திரும்ப மாட்டாங்க. எங்ககிட்ட அந்தப் பேச்சே கெடையாது. எனக்கு அதுல பெருமை வேற.

இந்த மாதிரி வேலையில இருக்கறப்ப, அது அடைச்சு வெக்கறதுன்னு தெரியாது டீச்சர். நெசமா தெரியாது. தெரியாதுன்னு சொன்னாலும் வெக்கமாத்தான் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்க துகளை வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு தடிப் புஸ்தகம் அனுப்பிச்சு. அவங்க வாங்கற பொருளு எங்கெங்க யாரு கையால வருதோ, அங்க எங்கயும் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாதாம். ஆளு அனுப்பி நேர்ல விசாரிப்பாங்களாம். மேனேஜர் சார் புஸ்தகத்தை எங்கிட்ட குடுத்து, ‘மேடம், இது உங்க டிபார்ட்மெண்டு’ன்னுட்டாரு. நான் படிச்சேன். முழுசாத்தான் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அடப்பாவமே, எந்தெந்த ஊர்லயோ இப்படில்லாம் அக்கிரமம் பண்றாங்களேன்னு தோணுச்சு. கார்டைப் புடுங்கி வெச்சுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. அதையும் படிச்சேன். நான் புடுங்கலியே, பத்திரமாத்தானே வெச்சிருக்கேன்னு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டேன்.

போர்டு எழுதச் சொன்னாங்க. ‘இங்கு யாரும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படுவதில்லை’ன்னு நான்தான் வாசகம் எழுதிக் குடுத்தேன். பச்சைக் கலர்ல எழுதி கேட்டுக்கு உள்பக்கமா மாட்டினோம், பொண்ணுங்க படிக்கணும்ல. பூட்டின கேட்டு மேல.

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்கும் இப்பதான் தெரியுது.

வியாழக்கிழமை ஆளு வராங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த வாரம் திங்கக்கிழமை தீர்த்தா என் ரூம் வாசல்ல வந்து நின்னா. அவ எப்பவும் உள்ள வர மாட்டா, நெலையைப் புடிச்சுட்டு வெளியதான் நிப்பா. ‘பெரியம்மா, எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலியாம். அண்ணன் போன் பண்ணிச்சு. ரெண்டு நாளு போயிட்டு வரட்டுமா, கார்டு குடுங்க’ன்னா.

அவ ஒருத்திதான் பெல்ட்டுல எல்லாருக்கும் மூத்தவ மாதிரி. நல்லாப் பேசுவா. விசாரிக்க வரவங்க முன்னாடி அவளைத்தான் நிறுத்தணும்னு நான் மனசுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருந்தேன். மத்ததுங்க வெளியாளைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கும். அதனால சொன்னேன், ‘வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோடி கண்ணு. அன்னிக்குச் சாயங்காலம் நானே உன்னை பஸ்ல ஏத்தி விடறேன். மூணு நாளுல என்ன ஆயிடப் போவுது’ன்னு. அவ ‘சரி பெரியம்மா’ன்னுட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ.

குடுத்திருக்க மாட்டேன். எதுக்குப் பொய் சொல்லணும்?

செவ்வாக்கிழமை எல்லாரையும் சாப்பாட்டு ஷெட்டுல உக்கார வெச்சு என்னென்ன கேப்பாங்க, எப்படி பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன். நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரிதான். ‘உங்க ஆதார் கார்டு யாருகிட்ட இருக்கு?’ எல்லாரும் சேந்து, ‘எங்ககிட்டயே இருக்கு.’ ‘நெனச்சா ஊருக்குப் போக முடியுமா?’ எல்லாரும் சேந்து, ‘முடியும்.’ பின்னாடி வரிசையிலருந்து தீர்த்தா கேட்டா, ‘நெசமாவே முடியுமா பெரியம்மா?’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ சிரிச்சாளான்னு இப்ப யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல.

பெல்ட்டுல நிக்கறப்ப போன் வெச்சுக்கக் கூடாது. கை மாட்டிக்கும், ஆபத்து. அதனால ஷிஃப்டு முடியற வரைக்கும் போன்லாம் என் ரூம்லதான் இருக்கும். சுவத்துல நம்பர் போட்ட பை தெச்சு மாட்டியிருக்கேன். புதன்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும். பதினேழாம் நம்பர் பையில போன் அடிச்சுது. தீர்த்தாவோடது. விட்டு விட்டு நாலு தடவை அடிச்சுது. சரி, ஏதோ அவசரம் போலன்னு எடுத்தேன். அவ அண்ணன் பேசினாரு. ‘அம்மா போயிடுச்சுங்க. காலையிலயே போயிடுச்சு. தங்கச்சிய அனுப்பி வையுங்க. எங்க வழக்கத்துல இன்னிக்கே எடுத்துடுவோம், அவ வரணும்னு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கோம். வந்து மூஞ்சியப் பாத்துடட்டும்’னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அனுப்பி வெக்கறேன் தம்பி, நீங்க கவலைப்படாதீங்க’ன்னேன். அப்படித்தான் சொன்னேன். சொன்னப்ப அனுப்பணும்னுதான் நெனச்சேன், சத்தியமா.

எழுந்து பெல்ட்டு வரைக்கும் போனேன் டீச்சர். அவ முதுகு தெரிஞ்சுது. தலையில துண்டைக் கட்டிட்டு பாட்டில் பொறுக்கிட்டு இருந்தா. பக்கத்துப் பொண்ணுகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டு இருந்தா. அங்கேயே நின்னேன். இப்ப சொன்னா இவ கத்துவா, நாப்பது பேரும் சேந்து அழுவாங்க, நாளைக்கு வர வெளிநாட்டு ஆளு முன்னாடி அத்தனை பேரு கண்ணும் வீங்கிப் போயிருக்கும், என்னமோ நாம கொடுமைப்படுத்தற மாதிரி தெரியும்னு தோணுச்சு. ஒரு நாளுதானே. நாளைக்கு மத்தியானம் அவங்க கார் கெளம்பினதும் சொல்லி, ஒரு வண்டி புடிச்சு அனுப்பிட்டா எப்படியும் போய்ச் சேந்துடுவா. நாளைக்கு வரைக்கும் வெச்சிருப்பாங்களாமே. இப்படி நானே எனக்குச் சொல்லிட்டுத் திரும்பி வந்து உக்காந்துட்டேன். அன்னிக்கு ஷிஃப்டு முடிஞ்சும், நாளைக்கு ஆளுங்க வந்துட்டுப் போற வரைக்கும் போன் கெடையாதுன்னு யாருக்கும் திருப்பிக் குடுக்கல.

அதான் அந்த விஷயம். அவளுக்கு நான் வியாழக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன். இப்பதான் போன் வந்துச்சுன்னு சொன்னேன்.

தண்ணி இருக்கா டீச்சர்? குடுங்க. ம்.

வியாழக்கிழமை காலையில டின்னை எடுத்துட்டுப் போய் எல்லார் கார்டையும் அவங்கவங்க கையில குடுத்தேன். விசாரிக்க வரவங்க கேட்டா காட்டணும்ல. பொண்ணுங்களுக்கு ஒரே குஷி. அதுல இருக்கற தன் போட்டோவைப் பாத்து ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கிட்டாங்க. தீர்த்தா கார்டைப் பொறட்டிப் பொறட்டிப் பாத்தா. ‘இன்னிக்கு மட்டும் எங்களோடதா பெரியம்மா?’ன்னா. ‘வாயாடி’ன்னு கன்னத்துல தட்டினேன். அப்புறம் மெதுவாக் கேட்டா, ‘கார்டுதான் கையில வந்துடுச்சே, நான் இப்பவே கெளம்பட்டுமா?’ன்னு. கார் வரப் போவுதுன்னு கேட்டு வேற அகலமாத் தொறந்து கெடந்துச்சு. ‘சாயங்காலம்னு சொன்னேன்ல’ன்னேன். அவ போயி பெல்ட்டுல நின்னுக்கிட்டா.

வந்தது ஒரு வெளிநாட்டு ஆளு, கூட பெங்களூர்லருந்து ஒரு அம்மா. அந்தம்மா நல்லாத் தமிழ் பேசினாங்க. ஒவ்வொருத்தராத் தனியாக் கூப்பிட்டுப் பேசணும், யாரும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னாங்க. என் ரூமைத்தான் குடுத்தேன். என் ரூமுக்கும் ஸ்டோருக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். நான் ஸ்டோர்ல போய் உக்காந்துக்கிட்டேன். கையுறை எண்ணற மாதிரி.

அங்க உக்காந்துதான் கேட்டேன். அந்தம்மா கேட்டாங்க, ‘ஊருக்குப் போகணும்னா விடுவாங்களாம்மா?’ தீர்த்தா சொன்னா, ‘விடுவாங்க. எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. இன்னிக்குச் சாயங்காலம் போறேன். பெரியம்மாவே பஸ் ஏத்தி விடறேன்னிருக்காங்க.’ ‘பெரியம்மான்னா யாரு?’ ‘எங்க ஆபீசரும்மா. எங்கம்மாவுக்கு அப்புறம் எனக்கு அவங்கதான்.’

நான் அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்ததுல இந்த வரி கெடையாது டீச்சர். அதை அவளாச் சொன்னா.

அப்பதான் சுவத்துப் பையில அவ போன் மறுபடி அடிச்சுது. தடுப்புக்கு அந்தப் பக்கம், அவ தலைக்கு மேலயே. வேலை நேரத்துல போனைத் தொடக் கூடாதுன்னு நான் போட்ட ரூல்தானே, அவ எழுந்து எடுக்கல. ‘எடும்மா, உங்க வீட்டுலருந்தா இருக்கப் போவுது’ன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் அதுக்குள்ள உள்ள போயிட்டேன். ‘டிஸ்டர்ப் ஆகுதா மேடம், சாரி’ன்னு சிரிச்சுட்டே போனை எடுத்து அமுத்திட்டேன். வெளிய கொண்டு போனதும் அது மறுபடி அடிச்சுது. எடுத்தேன். ‘இன்னும் கெளம்பலீங்களா? வெயிலு ஏறுது. ரொம்ப நேரம் வெக்க முடியாதுங்க’ன்னாரு. ‘கெளம்பிட்டா தம்பி, வழியில இருக்கா’ன்னேன்.

ஆமா. சொன்னேன். வழியில இருக்கான்னு சொன்னேன். அவ என் ரூமுக்குள்ள உக்காந்திருந்தா.

மத்தியானம் போயிடுவாங்கன்னு பாத்தா, அவங்க ஷெட்டு, தண்ணித் தொட்டி, கக்கூஸ் எல்லாம் சுத்திப் பாத்துட்டு நாலு மணிக்குத்தான் கெளம்பினாங்க. கார் கேட்டைத் தாண்டினதும் நான் பழக்க தோஷத்துல டின்னைத் தூக்கிட்டுப் போனேன். வரிசையா வந்து கார்டைப் போட்டுட்டுப் போனாங்க. தீர்த்தாவும் போட்டா. டின்னுக்குள்ள எட்டிப் பாத்து, ரப்பர் பேண்டுக்குள்ள ஒழுங்காச் சொருகி வெச்சா. அதுக்கு அப்புறம்தான் அவளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கத்தல. உக்காந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு என் காலைப் புடிச்சுட்டு அழுதா. அழுகையிலயும், ‘நீங்க இல்லன்னா எனக்கு யாரு சொல்லுவா பெரியம்மா’ன்னா. அப்ப செத்துப் போயிடலாம் போல இருந்துச்சு. ஆனா என்ன பண்ணேன் தெரியுமா? அவ துணியெடுக்க ரூமுக்குப் போன நேரத்துல வாட்ச்மேன்கிட்ட அவ போனைக் குடுத்து, நேத்திலருந்து வந்த காலெல்லாம் அழிச்சுடுங்கன்னேன். எனக்கு அழிக்கத் தெரியாது. அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அழிச்சுக் குடுத்தாரு.

நானே ஆட்டோ வெச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சொன்ன சொல்லு, ஏத்தி விட்டேன். அன்னிக்கு ஒரு நாளுதான் எங்க கேட்டு கார்டு காட்டாம ஒருத்திக்குத் தொறந்துச்சு. அந்த அவசரத்துல கார்டு டின்னுலயே நின்னு போச்சு.

அப்புறம் அவ வரல. காரியத்துக்கு இருந்துட்டு வருவா, அறுப்பு முடிஞ்சு வருவான்னு பாத்தேன். வரல. நாலஞ்சு தடவை போன் பண்ணேன். ஒரு தடவை எடுத்தா. ‘தீர்த்தா, பெரியம்மா பேசறேன்டி’ன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கட்டாயிடுச்சு. மலையில டவர் சரியாக் கெடைக்காதாமே.

நடுவுல, இங்க கட்டாய வேலை இல்லன்னு அந்த வெளிநாட்டுக் கம்பெனியோட சர்ட்டிபிகேட் வந்துச்சு. கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கு. கூட ஒரு ரிப்போர்ட்டு. மேனேஜர் சார் எல்லாரையும் கூட்டி வெச்சுப் படிச்சாரு. ‘தொழிலாளர்கள் நல அலுவலரைத் தாய்க்கு நிகராகக் கருதுகிறார்கள்’னு ஒரு வரி. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க. சால்வை கழுத்துல கெடக்கு, எனக்கு அந்தப் பலகைத் தடுப்புக்குப் பின்னாடி கேட்ட குரல் காதுல கேக்குது. ஆனாலும் போட்டோவுக்குச் சிரிச்சேன். அந்தப் போட்டோவும் மாட்டியிருக்கு.

போன மாசம் மறுபடி ஒரு கடுதாசி. இனிமே கார்டு ஒண்ணு கூட கம்பெனி வசம் இருக்கக் கூடாது, எல்லாரும் அவங்கவங்களே வெச்சுக்கணும், திடீர்னு வந்து பாப்போம்னு. சரின்னு எல்லார்கிட்டயும் குடுத்தாச்சு. பதினொரு பொண்ணுங்க அந்த வாரமே ஊருக்குப் போயிட்டாங்க, திரும்பல. டின்னுல மிச்சம் இந்த ஒரு கார்டு. மேனேஜர் சார் சொன்னாரு, ‘அதை நேர்லயே போய்க் குடுத்துடுங்க மேடம். அப்படியே ஒரு கையெழுத்தும் வாங்கிட்டு வந்துடுங்க’ன்னு.

ஆமா, பேப்பர் ஒண்ணு பையில இருக்கு. காட்டறேன், படிங்க. ‘எனது அடையாள அட்டை எப்போதும் என் வசமே இருந்தது. நான் என் சுயவிருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.’ டைப் அடிச்சது ஆபீஸ்ல. வாசகம் நான் எழுதினதுதான். வாசகம் எழுதறது எனக்கு நல்லா வரும்.

வெக்கமா இருக்கு டீச்சர். உங்க பக்கம் திரும்பாம ஜன்னலைப் பாத்துட்டேதான் சொல்லிட்டு வரேன், பாத்தீங்கள்ல.

இந்தக் கார்டைப் பாருங்களேன். மூணு வருஷம் இது என் பீரோவுல இருந்துச்சு, நேத்திக்குத்தான் முழுசாப் படிச்சேன். அவளுக்கு இருபத்தஞ்சுதான் ஆவுது. நான் முப்பத்தஞ்சு இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன். ஊரு பேரே இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பெரியம்மாவுக்கு மக ஊரு தெரியல.

அதான் கேக்கறேன், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. புதன்கிழமையே எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடவா? சொன்னா எனக்குப் பாரம் எறங்கும். ஆனா அவளுக்கு? ஏழு மாசமா மனசை ஆத்திட்டு இருப்பா. அம்மா மூஞ்சிய பாக்கக் குடுத்து வெக்கலன்னு விதியை நொந்துட்டு இருப்பா. அது விதியில்லடி, நான்தான்னு போய்ச் சொன்னா திரும்பக் கொன்ன மாதிரி ஆவாதா? தெரியாமயே இருக்கட்டும்னு ஒரு மனசு சொல்லுது. கார்டைக் குடுத்து, பழத்தைக் குடுத்து, ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லிட்டு...

என்ன கேட்டீங்க?

போன் பண்ணது யாரா? சொன்னேனே, அவ அண்ணன். ரெண்டு நாளும் அவருதான் பேசினாரு. நான் பேரு கூடக் கேக்கல, தம்பின்னேன்.

வெளியூர்லயா? இல்ல, அவரு இங்கதான் இருக்காரு, அதே வீட்டுலதான். ஏன் கேக்கறீங்க?

...

அவ அன்னிக்கு வீடு போய்ச் சேந்ததும் அவரு மொத வார்த்தையா என்ன கேட்டிருப்பாரு.

நேத்தே சொன்னோமே, ஏன் வரலன்னு கேட்டிருப்பாரு. வழியில இருக்கான்னு சொன்னாங்களே, எங்க இருந்தன்னு கேட்டிருப்பாரு.

நான் போன்ல இருந்ததை அழிச்சேன் டீச்சர். அந்தப் பக்கம் ஒரு ஆளு பேசினாரேன்னு நெனைக்கவே இல்ல. ஏழு மாசமா, இந்தப் பஸ்ல ஏறி ரெண்டு மணி நேரமா, ஒரு தடவை கூட நெனைக்கல. நெனைக்காம இருந்துட்டேன்னு சொல்லுங்க, அதான் சரி. உங்களுக்கு ஒரே கேள்வியில தெரிஞ்சுது.

அப்ப அவளுக்குத் தெரியும். என் காலைப் புடிச்சுட்டு அழுதுட்டுப் போன அன்னிக்கே தெரியும். அதான் கார்டு கேட்டு வரல. டவர்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். அவ போனைக் காதுல வெச்சுட்டுத்தான் இருந்தா. பெரியம்மா பேசறேன்னு சொன்னேனே, பெரியம்மா என்ன பேசுவான்னு கொஞ்ச நேரம் காத்துட்டு இருந்தா.

நான் ‘டவர் இல்ல போல’ன்னு என் பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்தேன். அதையும் கேட்டிருப்பா.

இதுவா ஸ்டாப்பு? அந்தப் பலா மரத்தாண்டயா? கண்டக்டர், கொஞ்சம் இருங்க, எறங்கறேன்.

நீங்க இந்தப் பக்கம்தானே டீச்சர் நாளைக்கும் வருவீங்க... நீங்களே இந்தக் கார்டை அவகிட்ட... வேணாம். நீங்க தலையை ஆட்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், வேணாம். இந்தப் பழத்தை உங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் குடுத்துடுங்க. அந்தப் பேப்பரைக் குடுங்க இப்படி. இதை அவ முன்னாடி எடுக்க முடியாது. கிழிச்சுட்டேன், காத்துல விடாதீங்க, கீழ போட்டா நாளைக்கு யாராவது ஒரு பொண்ணுதான் பொறுக்கணும். உங்க பையிலயே வெச்சுக்கோங்க. கார்டு மட்டும் போதும் எனக்கு.

ஒண்ணுதான் புரியல. அந்த வாசல்ல போய் நிப்பேன். உள்ளருந்து அவ அண்ணன் வந்து, யாருங்க நீங்கன்னு கேப்பாரு. நான் குரல் குடுத்தாலே அவருக்குத் தெரிஞ்சுடும், ரெண்டு தடவை கேட்ட குரல்தானே. தெரிஞ்சாலும், தீர்த்தாகிட்ட யாரு வந்திருக்கான்னு சொல்றதுன்னு கேப்பாரு. மூணு வருஷம் சொல்லிட்டிருந்த பேரு இப்ப வாயில வராது டீச்சர். கம்பெனியிலருந்து ஆளு வந்திருக்குன்னு சொல்லுங்கன்னு சொல்றேன்.